உயிரைச் சூழ்ந்த வலை: நஞ்சுக்கொடியின் செல்களும் கருவுற்ற தாயைக் காக்கும் கடமையும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தீர்த்தங்கரர் ஒவ்வொருவர்க்கும் ஐந்து கல்யாணங்கள் உரியன என்பது இப்பேரவை நன்கு அறிந்ததே. அவற்றுள் முதலாவது பிறப்பன்று. அன்னையின் வயிற்றில் உயிர் வந்து பொருந்திய கர்ப்பாவதரணமே முதற்கல்யாணம். குண்டபுரத்தில் சித்தார்த்த மன்னரின் தேவியாகிய பிரியகாரிணி, திரிசலை என்றும் போற்றப்பெறும் பெருமாட்டி, 16 கனவுகள் கண்ட அந்த இரவிலிருந்தே வர்த்தமானரின் வரலாறு தொடங்குகிறது. பிறந்த நாளைக் கொண்டாடும் இவ்விழாவில், அப்பிறந்த நாளுக்கு முந்திய ஒன்பது திங்களையும் நினைத்துப் பார்ப்பது பொருத்தமுடையதாகும்.

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் பிறப்பை மூவகையாகப் பகுக்கிறார். சம்மூர்ச்சனம், கர்ப்பம், உபபாதம் என்பன அவை. அவற்றுள் கர்ப்பப் பிறப்பை மேலும் மூன்றாக்கி ஜராயுஜம், அண்டஜம், போதஜம் என்கிறார். முட்டையில் பிறப்பன அண்டஜம். உறையின்றிப் பிறப்பன போதஜம். மனிதன் ஜராயுஜன், அதாவது, உறையோடு பிறப்பவன். அந்த உறையை வலைபோல் உயிரைச் சூழ்ந்து விரிந்த ஊனும் குருதியும் என்று விளக்குகிறது பூஜ்யபாதரின் சர்வார்த்தசித்தி உரை. பிறப்பின் வகையைக் குறிக்கவே ஆசாரியர் அந்த உறையின் பெயரை எடுத்தாண்டார் என்றால், அது எத்துணைச் சிறப்புடைய உறுப்பாதல் வேண்டும்!

தமிழில் அவ்வுறுப்புக்கு நஞ்சுக்கொடி என்று பெயர். பத்து மாதம் ஊட்டி வளர்க்கும் ஒன்றுக்கு நஞ்சு என்னும் பெயர் எவ்வாறு வந்தது? மகப்பேற்றுக்குப் பின் வெளியேறாமல் உள்ளே தங்கிவிட்டால் தாயின் உயிருக்கே அது நஞ்சாகும். அதனால் அப்பெயர் என்பர் பெரியோர். இளங்கொடி என்னும் இனிய பெயரும் அதற்கு உண்டு. பள்ளிப் பாடநூல்கள் தாய்சேய் இணைப்புத்திசு என்கின்றன.

முதலில் பிரியும் செல்கள்

கருவுற்ற முட்டை ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்ப் பிரிந்து, ஏறத்தாழ 5ஆம் நாளில் நீர் நிறைந்த சிறு பந்தாகிறது. அதற்குக் கருக்கோளம் என்று பெயர். அதுவரை ஒரே தன்மையாய்த் தோன்றிய செல்கள் அப்போது தெளிவாக இரு கூறாகின்றன. உள்ளே திரண்டு நிற்கும் ஒரு கொத்துச் செல்களிலிருந்தே குழந்தையின் உடல் முழுவதும் உருவாகும். வெளிச்சுவராய் அமையும் செல்களுக்கு டிரோபோபிளாஸ்ட் என்பது பெயர். ஊட்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது இப்பெயர். எனவே அவற்றை ஊட்டுசெல்கள் எனலாம். கண்ணும் மூளையும் இதயமும் தோன்றுமுன்னரே, தமக்கென்று ஒரு தொழிலை மேற்கொள்வன இந்த ஊட்டுசெல்களே.

சமண நூல்களைக் கற்றோர்க்கு இங்கே ஒரு நினைவு எழக்கூடும். புதிய பிறவியை அடையும் உயிர் நிறைவு செய்துகொள்ளும் பர்யாப்திகள் ஆறு: ஆகாரம், சரீரம், இந்திரியம், உயிர்ப்பு, மொழி, மனம். அவற்றுள் ஆகாரமே முதலில் வைக்கப்பட்டது. இதைக் கொண்டு ஆகமத்தை அறிவியல் மெய்ப்பித்துவிட்டது என்று மகிழ்வது சரியன்று. ஆகமம் பேசுவது உயிரின் நெறி. நுண்ணோக்கி காட்டுவது உடலின் அமைப்பு. ஒன்றை மற்றொன்றுக்குச் சாட்சியாக நிறுத்துவது இரண்டுக்கும் பெருமை தராது. எனினும், உணவே முதல் என்னும் உண்மை இருவேறு வழிகளில் நினைவூட்டப்படுவதை மனத்தில் இருத்துவது நன்று. இவ்வுரையின் பிற்பகுதிக்கு அது வேண்டும்.

எல்லைச் சுவர் இல்லாத படலம்

ஏறத்தாழ 6 அல்லது 7ஆம் நாளில் கருக்கோளம் கருப்பையின் உட்சுவரில் பதியத் தொடங்குகிறது. பதியும்போதே ஊட்டுசெல்கள் இரு வகையாகின்றன. உள்ளடுக்கில் தனித்தனிச் செல்களாய் நிற்பவை சைட்டோடிரோபோபிளாஸ்ட்டுகள். இவை ஊற்றுப் போன்றவை. இடைவிடாது பெருகிப் பிற வகைகளுக்குச் செல்களை வழங்குபவை. அவற்றுட் பல ஒன்றோடொன்று கலந்து, இடைச்சுவர்களை இழந்து, எண்ணற்ற உட்கருக்களைக் கொண்ட ஒரே தொடர்படலமாகின்றன. அதற்கு சின்சிட்டியோடிரோபோபிளாஸ்ட் என்று பெயர். கூட்டுப்படலம் என்று தமிழில் சொல்லலாம்.

நஞ்சுக்கொடி மரம்போல் கிளைத்து, நுண்ணிய விரல்களாய்த் தாயின் குருதியில் தோய்ந்து நிற்கிறது. அவ்விரல்கள் அனைத்தையும் போர்த்தியிருப்பது இந்தக் கூட்டுப்படலமே. பிறக்கும் காலத்தில் நஞ்சுக்கொடியின் எடை அரைக் கிலோ அளவே. குறுக்களவு ஏறத்தாழ 22 சென்டிமீட்டர். ஆனால் விரல்களின் மேற்பரப்பை விரித்து அளந்தால் 11 முதல் 13 சதுர மீட்டர் வரும். ஓர் அறையின் தளம் முழுவதையும் மூடும் பரப்பு ஓர் உணவுத் தட்டின் அளவுக்குள் மடிந்து கிடக்கிறது.

தாயின் குருதியும் சேயின் குருதியும் ஒன்றாய்க் கலந்து ஓடுகின்றன என்று பலர் எண்ணுவதுண்டு. அவ்வாறன்று. 18ஆம் நூற்றாண்டில் இலண்டனில் வாழ்ந்த வில்லியம் ஹன்ட்டர், ஜான் ஹன்ட்டர் என்னும் உடன்பிறந்த மருத்துவர்கள் இரண்டும் தனித்தனி ஓட்டங்கள் என்று காட்டினர். வில்லியம் ஹன்ட்டரின் கருப்பை உடற்கூற்றுப் பெருநூல் 1774இல் வெளிவந்தது. இரு குருதிகளுக்கும் நடுவே நிற்பது கூட்டுப்படலம். அது வெறும் சல்லடையன்று. உயிர்வளியைத் தானே கடந்து செல்ல விடுகிறது. சர்க்கரையைத் தனி வாயில்களின் வழியே கடத்துகிறது. இரும்பு, கால்சியம், அமினோ அமிலங்கள் முதலியவற்றை ஆற்றல் செலவிட்டுத் தாயிடமிருந்து வாங்கிச் சேய்க்குத் தருகிறது. கருவின் இறுதி மூன்று மாதங்களில், தாய் தன் வாழ்நாளில் ஈட்டிய நோய் எதிர்ப்புப் புரதங்களையும் அது எடுத்துக் கொடுக்கிறது. பிறந்த சிசு முதற் சில மாதங்கள் அந்தக் கொடையினால் காக்கப்படுகிறது.

தாயின் உடலோடு முதற்பேச்சைத் தொடங்குவதும் இப்படலமே. அது சுரக்கும் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோன், மாதவிலக்கு வாராமல் கருவைத் தாங்குமாறு தாயின் சூலகத்துக்குச் செய்தி அனுப்புகிறது. சிறுநீரில் அந்த ஹார்மோனைக் கண்டே கருத்தரிப்பு உறுதி செய்யப்படுகிறது. கொல்லாமை போற்றும் மக்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. 1920களின் இறுதியில் பெர்லினில் ஆஷ்ஹைம், ஸோன்டெக் என்னும் இருவர் அமைத்த முதற்சோதனையில், பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தி, பின்னர் அவற்றைக் கொன்று சூலகத்தைப் பார்த்தனர். பின் வந்தோர் முயல்களைப் பயன்படுத்தினர். இன்று ஒரு பட்டையில் சில துளி சிறுநீர் விட்டாற் போதும்; ஒவ்வொரு தாய்க்காகவும் எலிகளையும் முயல்களையும் பலியிட்ட வழக்கம் ஒழிந்தது. அறிவு வளர்ந்தால் இம்சை குறைய இடமுண்டு என்பதற்கு இதுவே சான்று.

சுவர்களை இழந்து செல்கள் கலப்பதற்குக் காரணமான புரதத்துக்கு சின்சிட்டின் என்று பெயர். அதை ஆக்கும் மரபணு தொடக்கத்தில் மனிதனுடையதன்று என்பது 2000ஆம் ஆண்டில் வெளியானது. ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் குரங்கின மூதாதையரைத் தொற்றிய ஒரு வைரசின் எச்சமே அது. பிற செல்களோடு ஒட்டிப் புகுவதற்கு வைரசுக்குப் பயன்பட்ட கருவி, இன்று தாயையும் சேயையும் இணைக்கும் படலத்தை நெய்கிறது. பகையாய் வந்தது, காலம் செல்ல, உயிர் காக்கும் துணையாயிற்று.

தாயின் நாளங்களைத் தேடிச் செல்லும் செல்கள்

மூன்றாம் வகை ஊட்டுசெல்கள் விரல்களில் நில்லாமல் வெளியேறித் தாயின் கருப்பைச் சுவருக்குள் செல்கின்றன. விரல்களுக்குப் புறத்தே இயங்குவதால் அவை விரற்புறச் செல்கள் எனலாம். அவற்றின் தொழில் வியப்புக்குரியது. கருப்பைக்குக் குருதி கொண்டுவரும் சுருள்தமனிகளை அவை அடைந்து, அந்நாளங்களின் தசைச்சுவரைக் கரைத்து, குறுகிய குழாய்களை அகன்ற புனல் வாய்களாக்குகின்றன. தாயின் இரத்த நாளம் சுருங்க முற்பட்டாலும் இனி அவ்வாய் சுருங்காது. குருதி விசையோடு பீச்சாமல் மெல்லப் பரவி விரல்களை நனைக்கும்.

இதிலும் ஒரு காலமுறை உண்டு. முதல் 10, 12 வாரங்கள் வரை இச்செல்கள் தமனிகளின் வாயை அடைத்து நிற்கின்றன. இளங்கரு அப்போது மிகு உயிர்வளியைத் தாங்காது. அதுவரை கருப்பைச் சுரப்பிகளின் ஊட்டநீரே அதற்கு உணவு. உரிய காலம் வந்ததும் அடைப்பு விலகுகிறது.

தாயின் உடலுக்குச் சேய் பாதி அயலது. தந்தையின் கூறும் அதில் உண்டு. பிறருடைய சிறுநீரகத்தைப் பொருத்தினால் உடல் எதிர்க்கிறது. சேயை மட்டும் ஏற்பது எவ்வாறு? 1953இல் பீட்டர் மெடவர் என்னும் பிரித்தானிய அறிஞர் இவ்வினாவை எழுப்பினார். 1960இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். விடையின் ஒரு பகுதி இச்செல்களில் உள்ளது. உடல் தன்னவர், அயலார் என்று அறிவதற்குரிய அடையாளப் புரதங்களைக் கூட்டுப்படலம் தன் மேல் காட்டுவதே இல்லை. விரற்புறச் செல்களோ, எதிர்ப்பைத் தூண்டும் வழக்கமான அடையாளங்கள் இரண்டை மறைத்து, எச்.எல்.ஏ.-ஜி என்னும் தனி அடையாளம் ஒன்றைக் காட்டுகின்றன.

விடையின் மற்றொரு பகுதி தாயிடம் உள்ளது. கருவைத் தாங்கும் கருப்பை உட்படலத்தில் முதல் மூன்று மாதங்களில் உள்ள நோய் எதிர்ப்புச் செல்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு இயற்கைக் கொல்லிச் செல்கள் என்னும் வகையைச் சார்ந்தவை. பெயர் அஞ்சத் தக்கது; குருதியில் அவற்றின் உறவுச் செல்கள் அழிப்புத் தொழிலே செய்கின்றன. ஆனால் கருப்பையில் வாழும் இவை கொல்வதில்லை. வரும் ஊட்டுசெல்களை உணர்ந்து, நாளங்கள் அகல்வதற்கு உதவி செய்து, எவ்வளவு ஆழம் செல்லலாம் என்று வரம்பும் இடுகின்றன. விரல்களின் உள்ளே, சேயின் பக்கத்தில், ஹோஃப்பவர் செல்கள் என்னும் காவற்செல்கள் உலவுகின்றன. கழிவுகளை விழுங்கித் தூய்மை செய்வதும் நாளங்கள் வளரத் துணைநிற்பதும் அவற்றின் பணி.

உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாவன என்னும் கருத்து சமணச் சின்னத்தின் அடியில் பொறிக்கப்பட்டுள்ளது. கருப்பையின் உள்ளே இரு உடல்களின் செல்கள் கூடி நிகழ்த்தும் இவ்வேலையைக் காணும்போது அக்கருத்து உடல் அளவிலும் விளங்குகிறது.

வேலை குறையும்போது

விரற்புறச் செல்கள் போதிய ஆழம் செல்லாவிட்டால் நாளங்கள் குறுகியே நிற்கும். குருதி குறையும், நலிவுற்ற கூட்டுப்படலம் தீங்கு செய்யும் பொருள்களைத் தாயின் குருதியில் விடும். 20 வாரங்களுக்குப் பின் தாயின் இரத்த அழுத்தம் ஏறும். சிறுநீரகம், கல்லீரல், மூளை ஆகியவை பாதிக்கப்படும். இதுவே பிரீஎக்ளாம்ப்சியா. முற்றினால் வலிப்பு வரும்; தாயும் சேயும் ஒருங்கே இறக்க நேரிடும். உலகில் நூறு கருத்தரிப்புகளில் 2 முதல் 8 வரை இந்நோய் காண்கிறது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளிவருவதே இதற்கு முழுத்தீர்வு. மாறாக, அச்செல்கள் வரம்பு மீறி ஆழமாகச் சென்றாலும் கேடுதான். முன்பு அறுவைப் பேறு நடந்த தழும்பின்மேல் நஞ்சுக்கொடி பதிந்தால் அது பிரியாமல் பெருங்குருதிப் போக்கு உண்டாகலாம்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியது, பிரீஎக்ளாம்ப்சியா தொடக்கத்தில் வலி தராது என்பதே. அழுத்தமானியும் சிறுநீர்ச் சோதனையுமே அதை முதலில் காட்டும். அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் எனில் உடனே மருத்துவரைக் காண வேண்டும். விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல் ஆகியவை தோன்றினால் விடியும்வரை காத்திருத்தல் கூடாது. முதற் கருத்தரிப்பு, இரட்டைக் கரு, முன்பு இந்நோய் வந்தமை, சர்க்கரை நோய், சிறுநீரக நோய் உடையோர் முதல் மாதங்களிலேயே சொல்லிவிட வேண்டும். 16 வாரங்களுக்கு முன் தொடங்கப்பெறும் சிற்றளவு ஆஸ்பிரின் அத்தகையோர்க்கு நோயின் வாய்ப்பைக் குறைக்கிறது. மருத்துவர் கூற்றின்றி அதை உண்ணலாகாது. ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாளில் அரசு மருத்துவ நிலையங்களில் கருவுற்றோர்க்குக் கட்டணமில்லாச் சோதனை நடைபெறும் திட்டம் 2016 முதல் உள்ளது.

நோன்பும் கருவுற்ற தாயும்

இனிச் சொல்வது சமண இல்லங்களுக்கே உரியது. நோன்பு இவ்வறத்தின் அணி. தசலட்சணப் பருவத்திலும், அஷ்டமி, சதுர்தசி நாள்களிலும் உபவாசம் இருந்து பழகிய பெண், கருவுற்ற பின் அதை விட மனமின்றித் தவிப்பதுண்டு. மாமியார் சொல்லாவிட்டாலும், ஊர் என்ன நினைக்குமோ என்று அஞ்சி நீரும் அருந்தாமல் இருப்பாரும் உண்டு.

கூட்டுப்படலம் இரவும் பகலும் ஓயாமல் சர்க்கரையை வாங்கிக்கொண்டேயிருக்கிறது. அதனால் கருவுற்றவள் பட்டினி கிடந்தால், கருவுறாதவளைவிட மிக விரைவில் அவள் குருதியில் சர்க்கரை தாழ்ந்து, கொழுப்பு எரிந்து, கீட்டோன் அமிலங்கள் மிகும். நீரின்றி இருந்தால் குருதியின் அளவும் குறையும். 1944-45 குளிர்காலத்தில் போரினால் நெதர்லாந்தில் கொடும்பஞ்சம் நேர்ந்தது. அப்போது கருவிலிருந்தோர் நடுவயது எய்தியபோது சர்க்கரைக் கோளாறும், தொடக்க மாதங்களில் பஞ்சத்துக்கு உள்ளானோரிடம் இதய நோயும் மிகுந்திருந்தன. ஒருநாள் நோன்பு பஞ்சம் ஆகாது. ஆயினும் தாயின் பசி சேயின் உடலில் எழுதப்படுகிறது என்பதை அவ்வரலாறு உணர்த்துகிறது.

அறநூல் இதற்குத் தடையா? அன்று. தீர்த்தங்கர நாமகருமத்துக்குக் காரணமான 16 பாவனைகளுள் தவமும் தியாகமும் ஆற்றலுக்கேற்ப என்னும் அடையுடனேயே சொல்லப்பட்டுள்ளன. ஆற்றலை மீறிய தவம் அங்குப் போற்றப்படவில்லை. தவம் பன்னிரண்டனுள் உண்ணாமை ஒன்றே. அகத்தவம் ஆறனுள் சுவாத்தியாயம் உண்டு. வையாவிருத்தியம் என்னும் தொண்டும் உண்டு. கருவுற்ற பெண் நூல் ஓதலையும் தியானத்தையும் தன் தவமாகக் கொள்ளட்டும். அவளுக்குத் தொண்டு செய்வதை வீட்டார் தம் தவமாகக் கொள்ளட்டும். இவ்வாண்டு நீ உபவாசம் இருக்க வேண்டா என்னும் சொல் அவள் வாயிலிருந்து வருமாறு விடாமல், வீட்டுப் பெரியோர் வாயிலிருந்தே முதலில் வரவேண்டும்.

இரவுண்ணாமை காப்போர், கதிரவன் மறையுமுன் பருப்பு, காய், பால், தயிர் சேர்ந்த நிறைவான உணவை அவளுக்கு அளிக்க வேண்டும். விடிந்ததும் காலம் தாழ்த்தாது உணவு தர வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் எடுப்பவர் மருத்துவரின் உணவு நேரத்தையே பின்பற்றுதல் வேண்டும். மரக்கறி உணவில் பி12 உயிர்ச்சத்து பாலும் தயிருமாகவே பெரிதும் கிடைக்கிறது; குறைவு இருப்பின் சோதித்து மாத்திரை கொள்ளலாம். போலிக் அமிலமும் இரும்புச் சத்தும் தவறலாகாது. தாய் சோகையுற்றிருந்தாலும் நஞ்சுக்கொடி அவளிடமிருந்து இரும்பை எடுத்துச் சேய்க்குத் தரும். எஞ்சுவது தாயின் சோர்வே. கூட்டு மருந்துறை சிலவற்றில் விலங்கின் ஜெலட்டின் இருப்பதால் மருந்தையே ஒதுக்குவோர் உண்டு. மருந்தை ஒதுக்க வேண்டா. மாத்திரை வடிவில் வேண்டும் என்று கேட்டுப் பெறலாம். நஞ்சுக்கொடி எல்லாவற்றையும் தடுக்கும் கோட்டையுமன்று. புகையிலையின் நிகோடினும் மதுவும் அதைக் கடந்து செல்லும். 1957 முதல் 1961 வரை தாலிடோமைட் என்னும் மருந்தால் ஆயிரக்கணக்கான சிசுக்கள் கைகால் குறையுற்றுப் பிறந்தன. ஆகவே தாமாக மருந்து வாங்கி உண்பதும், வீட்டிற்குள் பிறர் புகைபிடிப்பதும் கூடா.

நிறைவாக

சீவக சிந்தாமணியைப் பயின்றோர் மயிற்பொறியை மறவார். பகை சூழ்ந்த வேளையில் சச்சந்தன் தன்னைக் காத்துக்கொள்ள எண்ணவில்லை. கருவுற்ற விசயையை அப்பொறியில் ஏற்றி அனுப்பினான். அவள் வயிற்றில் இருந்த உயிர் பின்னர்ச் சீவகனாகி, அரசாண்டு, துறந்து, வீடு எய்தியது. கருவுற்ற தாயைக் காப்பது ஓர் உயிரின் ஆன்ம வழியையே காப்பதாகும் என்பது அக்காப்பியம் தரும் பாடம்.

நஞ்சுக்கொடி தன் தொழில் முடிந்ததும் அரைமணிப் பொழுதில் பிரிந்து வெளியேறுகிறது. பற்றறுத்தலுக்கு உடலில் இதனினும் தக்க உவமை அரிது. எனினும் உறவு முற்றும் அறுவதில்லை. மகனைப் பெற்று 27 ஆண்டுகள் கழிந்த தாயின் குருதியிலும் மகனுடைய செல்கள் காணப்பட்டன என்று 1996இல் ஓர் ஆய்வு வெளியானது. தாய் சேய்க்கு ஊட்டினாள். சேய் தாயிடம் தங்கியது.

ஆதலின், இவ்விழாவிலிருந்து இல்லம் திரும்பும் ஒவ்வொருவரும் தம் குடும்பத்தில், தெருவில், உறவில் கருவுற்ற பெண் எவரேனும் உண்டா என்று எண்ணிப் பார்ப்பாராக. இம்மாதம் அழுத்தம் பார்த்தாயா, வேளைக்கு உண்டாயா என்னும் இரு கேள்விகளை அவளிடம் அன்போடு கேட்பாராக. அவ்விரு கேள்விகளும் அபயதானமே.

வளர்க அறம்! வாழ்க எல்லா உயிரும்!